பாரி ஜீட்டோவுக்காகக் காத்திருந்த ஏழு பருவங்கள்

2006 டிசம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணி பாரி ஜீட்டோவுடன் ஏழு ஆண்டுகளுக்கு 12.6 கோடி டாலர் ஒப்பந்தம் செய்தது. பேஸ்பால் வரலாற்றில் அதுவரை எந்தப் பந்து வீச்சாளருக்கும் அவ்வளவு பெரிய தொகை தரப்பட்டதில்லை. சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் அப்போது இருந்த ஓக்லண்ட் அத்லெட்டிக்ஸ் அணிக்காக 2002இல் 23 வெற்றி, 5 தோல்வி என்ற கணக்கோடு அமெரிக்கன் லீகின் சிறந்த வீச்சாளருக்கான சை யங் விருதைப் பெற்றவர் அவர். அங்கே ஆண்டுக்கு 34 அல்லது 35 ஆட்டங்களைத் தவறாமல் தொடங்கி வீசிய, காயம் என்று ஒதுங்காத இடக்கைக்காரர். சான் ஹோசேயில் குடியேறி, கிரிக்கெட் பார்த்துப் பழகிய கண்ணோடு இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டிருந்த எனக்கு, அவர் நம் அணிக்கு வருகிறார் என்பது பெரிய செய்தியாக இருந்தது. அவருடைய ஏழு பருவங்களையும் நேரிலும் தொலைக்காட்சியிலும் வானொலியிலும் பின்தொடர்ந்தேன். தடுமாறும் ஒரு மூத்த ஆட்டக்காரர்மீது எப்படி நம்பிக்கை வைப்பது என்பதில் நான் அறிந்ததெல்லாம் அந்த ஆண்டுகளில் சேர்ந்ததுதான். இன்று இதே நிலையில் வேறொரு அணியையும் வேறொரு ஆட்டக்காரரையும் பார்த்துக்கொண்டிருக்கும் ரசிகர்களுக்குப் பயன்படலாம் என்பதால் எழுதுகிறேன்.

முதல் பருவத்திலேயே ஏதோ சரியில்லை என்பது தெரிந்தது. 2007 வசந்தகாலப் பயிற்சி முகாமுக்கு அவர் பந்து வீசும் முறையையே மாற்றிக்கொண்டு வந்திருந்தார். பெரிய ஒப்பந்தம் பெற்றவர் அதுவரை தன்னை உயர்த்திய முறையை ஏன் மாற்ற வேண்டும் என்று எல்லோரும் திகைத்தார்கள். அவரும் விரைவில் பழைய முறைக்கே திரும்பினார். அந்தப் பருவம் 11 வெற்றி, 13 தோல்வியோடு முடிந்தது. அடுத்த ஆண்டு அதைவிட மோசம். 2008 ஏப்ரல் முடிவதற்குள் ஆறு தோல்விகள், ஒரு வெற்றிகூட இல்லை. ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் ஐந்து பேர் வரிசையிலிருந்து அவரை எடுத்து, மாற்று வீச்சாளர்கள் காத்திருக்கும் புல்பென்னுக்கு அனுப்பினார்கள். சில நாட்களில் மீண்டும் வரிசைக்குக் கொண்டுவந்தார்கள் என்றாலும், அந்த ஆண்டை 17 தோல்விகளோடும் 5.15 என்ற சராசரியோடும் முடித்தார். ஒன்பது இன்னிங்ஸுக்கு ஒரு வீச்சாளர் தன் பொறுப்பில் எத்தனை ரன் விட்டுக்கொடுக்கிறார் என்பதே அந்தச் சராசரி. ஓக்லண்டில் விருது பெற்ற ஆண்டில் அது 2.75ஆக இருந்தது.

அந்த ஆண்டு மைதானத்தில் அவர் பெயரை அறிவித்தாலே ஊளைச் சத்தம் எழும். எங்களுக்குப் பின்வரிசையில் இருந்த ஒருவர், அவர் வீசும் ஒவ்வொரு பந்துக்கும் எத்தனை ஆயிரம் டாலர் ஆகிறது என்று உரக்கக் கணக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகள் கேட்டாள்: "அப்பா, நல்லா போடலைன்னா சம்பளத்தைக் குறைக்க மாட்டாங்களா?" "குறைக்க முடியாதும்மா. கையெழுத்துப் போட்டாச்சு" என்றேன். "அப்ப ஏன் அவரைத் திட்டறாங்க, கையெழுத்துப் போட்டவங்களைத்தானே கேக்கணும்?" என்றாள். அவள் கேட்டதில் முழு நியாயம் இருந்தது. தடுமாறும் ஆட்டக்காரரைப் பார்க்க உட்காரும் ரசிகர் முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டிய விஷயமும் அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

பேஸ்பாலில் ஒப்பந்தத் தொகை உறுதி செய்யப்பட்டது. ஆட்டக்காரர் சரியாக ஆடாவிட்டாலும், அணி அவரை விடுவித்தே விட்டாலும், எஞ்சிய தொகையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். இது அநியாயம் என்று தோன்றுகிறவர்கள் இதன் மறுபாதியையும் பார்க்க வேண்டும். பேஸ்பாலின் மேல்மட்டமான பெரிய லீகுக்கு வரும் ஓர் இளைஞர், ஆறு ஆண்டு ஆடி முடித்த பிறகே தனக்கு விருப்பமான அணியிடம் சந்தை விலை கேட்க முடியும். அதுவரை, குறிப்பாக முதல் சில ஆண்டுகளில், அணி தருவதுதான் சம்பளம். ஜீட்டோ சை யங் விருது பெற்ற ஆண்டில் அவருடைய சம்பளம் பத்து லட்சம் டாலரைக்கூடத் தொடவில்லை. இருபத்து நான்கு வயதில் உச்சத்தில் இருந்தபோது குறைவாகப் பெற்றவர், இருபத்தெட்டு வயதில் அந்தப் புகழை வைத்து ஒப்பந்தம் வாங்கினார். உழைப்பு முன்னே, ஊதியம் பின்னே என்று அமைந்த ஏற்பாடு இது. அந்த ஊதியத்தைக் கொடுத்தது உழைப்பைப் பெற்ற அணியாக இல்லாமல் வேறோர் அணியாக இருந்தது என்பதுதான் ஜயன்ட்ஸ் ரசிகர்களின் வருத்தம்.

ஒப்பந்தத்தைப் படிப்பவர்கள் மொத்தத் தொகையோடு நிறுத்திக்கொள்ளாமல், ஆண்டுவாரியாக அது எப்படி ஏறுகிறது என்பதையும் பாருங்கள் என்பது என் முதல் யோசனை. ஜீட்டோவுக்கு 2007இல் ஒரு கோடி டாலர், 2008இல் 1.45 கோடி, அடுத்த மூன்று ஆண்டுகள் 1.85 கோடி, 2012இல் 1.9 கோடி, கடைசி ஆண்டான 2013இல் இரண்டு கோடி. எட்டாம் ஆண்டுக்கு அவரை வைத்துக்கொள்ள வேண்டாம் என்று அணி முடிவு செய்தால் அதற்கும் 70 லட்சம் தர வேண்டும். உடம்பு தளரத் தளர ஊதியம் ஏறும்படி எழுதப்பட்ட பட்டியல் இது. பல நீண்ட ஒப்பந்தங்கள் இப்படித்தான் இருக்கின்றன. இதை முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொண்டால், ஐந்தாம் ஆண்டிலோ ஆறாம் ஆண்டிலோ சம்பளத்தையும் ஆட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து மனம் கொதிக்க வேண்டியிருக்காது. அந்தப் பணம் கொடுத்தாகிவிட்டது. இன்று மாலை அவர் வீசப்போகும் பந்தோடு அதற்குத் தொடர்பே இல்லை.

பணத்தை ஒதுக்கிவிட்டால், எதை நம்புவது என்ற கேள்வி வருகிறது. இங்கேதான் பல ரசிகர்கள் தங்களைத் தாங்களே வருத்திக்கொள்கிறார்கள். 2002இன் ஜீட்டோ திரும்பி வருவார் என்று காத்திருப்பது அவருக்கும் நன்மையில்லை, நமக்கும் நன்மையில்லை. அவருடைய ஃபாஸ்ட்பால் ஒருநாளும் அசுர வேகத்தில் போனதில்லை. ஜயன்ட்ஸ் ஆண்டுகளில் அது மணிக்கு 85 மைல் அளவுக்கு இறங்கியிருந்தது. மற்ற வீச்சாளர்கள் சாதாரணமாக 90 மைலைத் தாண்டி வீசிய காலம் அது. ஆனால் அவருடைய கர்வ் பந்து மிச்சம் இருந்தது. தலைக்கு மேலிருந்து புறப்பட்டு, மட்டையாளரின் கண்ணெதிரே செங்குத்தாக விழும் பந்து அது. முதல் இன்னிங்ஸில் அந்தப் பந்து ஸ்ட்ரைக்காக, அதாவது மட்டையாளர் அடிக்கக்கூடிய எல்லைக்குள், விழுகிறதா என்பதை மட்டும் நான் பார்க்கத் தொடங்கினேன். விழுந்தால், மட்டையாளர் அதையும் எதிர்பார்த்து நிற்க வேண்டியிருக்கும். அப்போது 85 மைல் பந்தும் திடீரென்று வேகமாகத் தெரியும். விழாவிட்டால், மட்டையாளர்கள் அதைத் தொடாமல் விட்டுவிட்டு மெதுவான ஃபாஸ்ட்பாலுக்காகக் காத்திருப்பார்கள். அல்லது நான்கு தவறான பந்துகளை வாங்கிக்கொண்டு முதல் தளத்துக்கு நடந்து போவார்கள். வாக் எனப்படும் அந்த இலவச நடைகள் சேர்ந்தால் அன்றைய ஆட்டம் கைவிட்டுப் போகும். நேரில் பார்க்கப் போகிறவர்கள், மட்டையாளர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் மேல்தட்டில் இடம் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். விலை குறைவு, பந்தின் பாதை அங்கிருந்து தெளிவாகத் தெரியும். கால்ட்ரெய்ன் என்ற உள்ளூர் ரயிலிலிருந்து இறங்கி நடந்து போய் அந்த இருக்கைகளில் உட்கார்ந்துதான் நான் பந்து வீச்சைப் படிக்கக் கற்றேன்.

எதிர்பார்ப்புக்கும் ஓர் அளவு வைத்துக்கொண்டேன். ஆறு இன்னிங்ஸ் வீசி மூன்று ரன்னுக்கு மேல் கொடுக்காமல் இருந்தால் அது நல்ல நாள். வெற்றி தோல்விக் கணக்கை அவருடைய தகுதிக்கு அளவுகோலாக எடுத்துக்கொள்வதை விட்டுவிட்டேன். ஏனெனில் நன்றாக வீசினாலும் அணி ரன் எடுக்காவிட்டால் தோல்வி வீச்சாளரின் பெயரில்தான் எழுதப்படும். 2009இல் அவருடைய சராசரி 4.03 என்று ஓரளவு நன்றாகவே இருந்தது. கணக்கோ 10 வெற்றி, 13 தோல்வி. அளவைச் சிறிதாக வைத்துக்கொண்டதால் அந்த ஆண்டில் எனக்குப் பல நல்ல மாலைகள் கிடைத்தன. உச்சத்தை எதிர்பார்த்தவர்களுக்கு ஒன்றுகூடக் கிடைத்திருக்காது.

2010 தனியாகப் பேச வேண்டிய ஆண்டு. பருவத்தின் கடைசி மூன்று ஆட்டங்கள் சான் டியேகோ பாட்ரெஸ் அணியோடு. அவற்றில் ஒன்றை வென்றால் போதும், பிரிவில் முதலிடம். முதல் ஆட்டம் தோல்வி. அக்டோபர் 2ஆம் தேதி, சனிக்கிழமை, ஜீட்டோவின் முறை வந்தது. முதல் இன்னிங்ஸிலேயே மூன்று தளங்களிலும் ஆட்களை வைத்துக்கொண்டு, அடுத்தடுத்து வாக் கொடுத்து, எதிரணி பந்தை அடிக்காமலேயே ரன்களைப் பெற வழிவிட்டார். அந்த ஆட்டமும் போயிற்று. மறுநாள் மற்றவர்கள் வென்று அணியைக் காப்பாற்றினார்கள். அதன்பின் மேலாளர் புரூஸ் போச்சி, பருவத்துக்குப் பின் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் சுற்றுகளுக்கான பட்டியலில் ஜீட்டோவைச் சேர்க்கவே இல்லை. டிம் லின்ஸிகம், மேட் கெய்ன், ஜோனதன் சான்செஸ், மேடிசன் பம்கார்னர் ஆகியோர் வீச, 1958இல் நியூயார்க்கிலிருந்து இங்கே வந்த அணி சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு முதல்முறையாக உலகத் தொடர் எனப்படும் இறுதித் தொடரின் வெற்றியைக் கொண்டுவந்தது. அணியிலேயே அதிகச் சம்பளம் வாங்கிய வீச்சாளர், பட்டியலில் இல்லாதவராக அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போச்சியின் முடிவு சரியானது என்றே அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஓர் ஆட்டக்காரர்மீது அன்பு வைப்பதும் அவரை எப்போதும் ஆட வைக்கச் சொல்வதும் வேறு வேறு. சம்பளம் கொடுத்தாகிவிட்டது என்பதற்காகவே ஒருவரை முக்கியமான ஆட்டத்தில் இறக்கும் மேலாளர், பணத்தை மீட்கப் பார்க்கிறாரே தவிர ஆட்டத்தை வெல்லப் பார்க்கவில்லை. நம் ஆட்டக்காரர் வெளியே உட்கார வைக்கப்படும் நாளில், அதை அவருக்கு நேர்ந்த அநீதியாக எடுத்துக்கொள்ளாமல் இருக்க ரசிகர் பழகிக்கொண்டால், அவர் திரும்பி வரும் நாளைத் தெளிவான கண்ணோடு பார்க்க முடியும்.

அந்த நாட்களில் அவர் முகம் சுளிக்காமல் நின்றதைப் பத்திரிகைகளும் ரசிகர்களும் பாராட்டினார்கள், நானும் பாராட்டினேன். பல ஆண்டுகள் கழித்து, ஓய்வுக்குப் பிறகு, அந்த உலகத் தொடரில் தன் அணி தோற்க வேண்டும் என்று உள்ளுக்குள் விரும்பியதாக அவரே வெளிப்படையாகச் சொன்னார். அதைக் கேட்டபோது எனக்குக் கோபம் வரவில்லை. அவ்வளவு பெரிய தொகையும் அவ்வளவு ஊளைச் சத்தமும் ஒரு மனிதரை எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கின்றன என்பதுதான் மனத்தை அழுத்தியது. சம்பளம் வாங்குகிறார், பிறகு என்ன கவலை என்று கேட்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். மேல்தட்டு இருக்கையிலிருந்து பந்தின் பாதை தெரியும், வீசுபவரின் நெஞ்சு தெரியாது. அவருடைய குணத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதை, நல்ல தீர்ப்பாக இருந்தாலும், அதன் பிறகு நான் குறைத்துக்கொண்டேன்.

2011இல் காலில் காயம். வாழ்க்கையில் முதல்முறையாகக் காயமுற்றோர் பட்டியலில் சேர்ந்தார். அதைக் கடந்து 2012 வசந்தகாலத்தில் மறுபடியும் ஒரு புதிய வீச்சு முறையை, குனிந்து தொடங்கும் ஒரு விசித்திர நிலையை, முயன்று பார்த்துக் கைவிட்டார். பருவத்தின் முதல் வாரத்தில் அவருக்குக் கிடைத்தது டென்வர் மைதானம். கடல் மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரம். காற்றின் அடர்த்தி குறைவு, கர்வ் பந்து சரியாக வளையாது, அடித்த பந்து வெகுதூரம் பறக்கும். வீச்சாளர்கள் அஞ்சும் அந்த இடத்தில் ஏப்ரல் 9ஆம் தேதி ஒன்பது இன்னிங்ஸும் தானே வீசி, மட்டையாளர்கள் அடித்துத் தளம் சேரும் அடிகளில் நான்கு மட்டுமே விட்டு, ஒரு ரன்கூடக் கொடுக்காமல் முடித்தார். ஒரு நல்ல ஆட்டத்தை வைத்து மீண்டுவிட்டார் என்று அறிவிக்க வேண்டாம் என்று நண்பர்களிடம் சொன்னேன். ஆனால் அன்றைக்கு ஒரு வாக்கும் கொடுக்கவில்லை என்பதைக் குறித்துக்கொண்டேன். எண்களில் எதைப் பார்ப்பது என்று கேட்பவர்களுக்கு அதைத்தான் இன்றும் சொல்கிறேன். வேகம் வயதோடு போய்விடும், திரும்பாது. குறி திரும்பலாம்.

அந்தப் பருவம் 15 வெற்றி, 8 தோல்வியோடு முடிந்தது. அவர் தொடங்கிய கடைசி 11 ஆட்டங்களையும் அணி வென்றிருந்தது. ஆனாலும் சின்சினாட்டிக்கு எதிரான முதல் சுற்றில் மூன்று இன்னிங்ஸ்கூட முடிக்காமல் வெளியேறினார். லின்ஸிகம் உள்ளே வந்து அந்த ஆட்டத்தைக் காப்பாற்றினார். அடுத்த சுற்றில், நேஷனல் லீக் இறுதித் தொடரில், செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் 3-1 என்று முன்னிலை பெற்றது. இன்னும் ஒரு தோல்வி வந்தால் பருவம் முடிந்தது. அக்டோபர் 19ஆம் தேதி, எதிரியின் மைதானத்தில், ஐந்தாம் ஆட்டம். வீச வேண்டியவர் ஜீட்டோ. எதிரே அந்த ஆண்டு 18 ஆட்டங்களை வென்றிருந்த லான்ஸ் லின். ட்விட்டரில் 'ராலி ஜீட்டோ', ஜீட்டோ பின்னால் திரள்வோம், என்ற அழைப்பு பரவியது. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஊளையிட்டவர்களில் பலர் அன்று அவர் பெயரைச் சொல்லி ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டார்கள்.

இரண்டாம் இன்னிங்ஸிலேயே சோதனை வந்தது. யாடியர் மொலினா அடித்து ஒரு தளம் எட்டினார், டேவிட் ஃப்ரீஸ் அடித்து இரண்டு தளம். ஒருவரும் அவுட்டாகாத நிலையில் இரண்டாம், மூன்றாம் தளங்களில் ஆள். பழைய ஜீட்டோவாக இருந்தால் இங்கே குறி சிதறியிருக்கும். அன்று டேனியல் டெஸ்கால்சோவை, மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றும் ஸ்ட்ரைக்அவுட் செய்தார். அடுத்தவருக்கு வேண்டுமென்றே வாக் கொடுத்து மூன்று தளங்களையும் நிரப்பினார்கள். அடுத்து மட்டையோடு வருபவர் எதிரணி வீச்சாளர் லின் என்பதால் எடுத்த முடிவு அது. லின் தரையோடு அடித்த பந்தில் இரட்டை அவுட். ரன் இல்லை. நான் வரவேற்பறையில் நின்றுகொண்டே பார்த்தேன். அந்த இரட்டை அவுட்டுக்குப் பிறகும் உட்காரத் தோன்றவில்லை.

நான்காம் இன்னிங்ஸில், இரண்டாம் தளத்துக்கு லின் எறிந்த பந்து தளத்தின் மீதே பட்டுத் திசைமாற, ஜயன்ட்ஸ் ரன் எடுக்கத் தொடங்கியது. பிராண்டன் கிராஃபர்ட் இரண்டு ரன் கொண்டுவந்தார். பிறகு, இரண்டு பேர் அவுட்டான நிலையில் மட்டையோடு வந்த ஜீட்டோ, யாரும் எதிர்பாராமல் மூன்றாம் தளப் பக்கம் பந்தை மெல்லத் தட்டிவிட்டு ஓடினார். பன்ட். முதல் தளத்தை அடைந்தார். இன்னொரு ரன் வந்தது. அன்று அவர் வீசியது ஏழே முக்கால் இன்னிங்ஸுக்குச் சற்றுக் குறைவு: எட்டாவதில் இரண்டு பேரை அவுட்டாக்கிய பிறகே வெளியே வந்தார். ஆறு அடிகள், ஆறு ஸ்ட்ரைக்அவுட், ரன் இல்லை. அணி 5-0 என்று வென்று, சான் ஃபிரான்சிஸ்கோவுக்குத் திரும்பி அடுத்த இரண்டையும் வென்றது. உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில் டெட்ராய்ட்டின் ஜஸ்டின் வெர்லாண்டரை எதிர்த்து வீசியவரும் ஜீட்டோதான். பாப்லோ சாண்டோவால் மூன்று ஹோம் ரன் அடித்த அந்த இரவில், வெர்லாண்டரின் பந்தை ஜீட்டோவே அடித்து ஒரு ரன் கொண்டுவந்தார். தொடர் 4-0 என்று முடிந்தது.

இதைப் படித்துவிட்டு, பொறுத்திருந்தால் எல்லோருக்கும் இப்படி ஒரு நாள் வரும் என்று யாரும் எண்ண வேண்டாம். பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியில் ஏழு ஆண்டுகளுக்கு 16.1 கோடி டாலர் ஒப்பந்தம் பெற்ற கிறிஸ் டேவிஸ், 2018க்கும் 2019க்கும் இடையே தொடர்ந்து 54 முறை மட்டை பிடித்தும் ஓர் அடிகூட எடுக்க முடியாமல் தவித்தார். 2019 ஏப்ரல் 13ஆம் தேதி பாஸ்டனில் அந்தத் தொடர் முடிந்தபோது எதிரணி ரசிகர்களுக்கும் நிம்மதியாக இருந்தது. ஆனால் அவருடைய ஆட்டம் மீளவில்லை; 2021இல் ஓய்வு பெற்றார். ஜீட்டோவுக்கு வந்தது போன்ற அக்டோபர் அவருக்கு வரவில்லை. அவருக்காகக் காத்திருந்த பால்டிமோர் ரசிகர்களின் அன்பு எந்த வகையிலும் எங்களுடையதைவிடக் குறைந்ததல்ல.

ஜீட்டோவுக்கும் அந்த அக்டோபரோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. 2013இல் 5 வெற்றி, 11 தோல்வி, சராசரி 5.74. கோடையில் மீண்டும் வரிசையிலிருந்து எடுத்தார்கள். அப்போது மைதானத்தில் பழைய கூச்சல் எழவில்லை. இரண்டு கோடி டாலர் வாங்கிய ஆண்டிலேயே அவரிடம் யாரும் கணக்குக் கேட்கவில்லை. செப்டம்பர் 25ஆம் தேதி டாட்ஜர்ஸ் அணிக்கு எதிராக ஜயன்ட்ஸுக்காக அவர் கடைசியாகத் தொடங்கிய ஆட்டத்துக்கு நான் மகளோடு போயிருந்தேன். அவர் வெளியேறும்போது மைதானம் எழுந்து நின்று கைதட்டியது. அவர் தொப்பியைக் கழற்றி ஏற்றுக்கொண்டார். பருவம் முடிந்ததும் 70 லட்சம் கொடுத்து அணி அவரை விடுவித்தது. எட்டாம் ஆண்டுக்கு வைத்துக்கொள்ளச் சொல்லி நான் ஆசைப்படவில்லை. ஒருவரிடம் எதிர்பார்க்கக்கூடியதெல்லாம் முடிந்துவிட்டது என்பதைக் கர்வ் பந்தே சொல்லிவிட்டது. அந்தப் பருவத்தில் அது பாதி வழியிலேயே விழுந்துகொண்டிருந்தது.

2014 முழுவதும் அவர் ஆடவில்லை. 2015இல் ஓக்லண்ட் அவரைச் சிறிய லீக் ஒப்பந்தத்தில், அதாவது பெரிய லீகுக்குக் கீழ்மட்டத்தில், எடுத்துக்கொண்டது. நாஷ்வில்லில் இளைஞர்களோடு ஒரு பருவம் வீசினார். முப்பத்தேழு வயதில், கோடிகள் பார்த்த பிறகு, சின்ன ஊதியத்துக்கு அப்படிச் செய்தவரைப் பணத்துக்காக மட்டும் ஆடியவர் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. செப்டம்பர் 26ஆம் தேதி ஓக்லண்ட் கொலிசியத்தில், ஜயன்ட்ஸுக்கு எதிராகவே, அவருடைய பழைய தோழரும் அப்போது ஜயன்ட்ஸ் வீச்சாளராக இருந்தவருமான டிம் ஹட்சனை எதிர்த்து வீச வைத்தார்கள். இருவரும் நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கவில்லை. அரங்கத்தில் இரண்டு அணிகளின் சட்டைகளும் கலந்திருந்தன, இரண்டு பக்கத்தாரும் இருவருக்காகவும் எழுந்து நின்றார்கள். சில வாரங்களில் ஜீட்டோ ஓய்வை அறிவித்தார்.